குடோனுக்கு வந்த மைக்ராஸ்கோப்

மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்ப்பான், குளம்பைப் பார்ப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பான். விஸ்வநாத் மைக்ராஸ்கோப் வாங்கப் போய்க் கொம்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தான்.

எர்ணாகுளத்துக் கடைக்காரன் இரண்டு எடுத்து வைத்தானாம். ஒன்று குள்ளம். சுக்கையோ மிளகையோ அப்படியே அடியில் வைத்து இருபது முப்பது மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். உங்கள் தொழிலுக்கு இதுதான் தோது என்றானாம். மற்றது நெட்டை. பெட்டியின் மேல் தங்க எழுத்தில் இரண்டாயிரம் மடங்கு என்று போட்டிருந்தது. "குள்ளன் ஸ்கூல் பசங்களுக்காக்கும்" என்று சொல்லிவிட்டு நெட்டையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் விஸ்வநாத். வண்டியோட்டிக்கொண்டு கூடப் போன சூப்பர்வைசர் சேவியர்தான் இதை வந்து சொன்னது.

பொன்மணி முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்: "சுக்கை ரெண்டாயிரம் மடங்கு பெருசாக்குனா வைக்கிறதுக்குக் கப்பல்லா வேணும், சேட்டா?"

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சுக்குக் குடோன் அது. எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புடைப்பார்கள், பொறுக்குவார்கள், தரம் பிரிப்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பொன்மணிக்கு அங்கே இருபத்திரண்டு வருஷம். பூசணம் பிடித்த சுக்கைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கண்ணே வேண்டாம். ஒடித்தால் டக்கென்று கேட்க வேண்டும். மொத்தென்று ஒடிந்தால் உள்ளே ஈரம். மூக்குக்குக் கொண்டு போனால் மீதியைச் சுக்கே சொல்லிவிடும். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் வாசலில் நின்று அவர்கள் புடைக்கிறதைப் படம் பிடிப்பார்கள். தூசி மூக்கில் ஏறியதும் தும்மிக்கொண்டே ஓடுவார்கள். அந்தத் தூசியில்தான் எட்டு பேரும் எட்டு மணி நேரம் மூச்சு விட்டார்கள்.

விஸ்வநாத் முதலாளியின் மகன். காக்கநாட்டில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பாவுக்கு முட்டி போனதும் குடோனுக்கு வந்தான். தினமும் திருப்பூணித்துறையிலிருந்து காரில் வருவான். சுக்குத் தூசி பட்டால் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். சுக்கில் பிழைக்கிற குடும்பத்தில் சுக்கு ஆகாத ஒரு பிள்ளை.

ஆடி மாத மழையில், கர்க்கடகம் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், ஆபீஸ் அறையில் பெட்டியைப் பிரித்தார்கள். கூட்டிப் பெருக்கப் பொன்மணியைக் கூப்பிட்டிருந்தான். உள்ளேயிருந்து வெள்ளையாகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் விழுந்தன. தொட்டால் மணல் மாதிரி நறநறத்தது.

"இது என்ன சார்?"

"குப்பை. தூக்கிப் போடு. மெஷினைத் தொடாதே, கேட்டியா? கை பட்டா லென்ஸ் போயிடும்."

பிறகு அவன் அதற்கு ஒரு பாலிதீன் உறையை மாட்டி, காற்றுப் புகாமல் கழுத்தில் ரப்பர் பாண்டு போட்டு இறுக்கி, மர அலமாரியில் வைத்துப் பூட்டினான். அந்த அறையின் சுவரில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். நாட்காட்டியின் தாள்கூட அங்கே நிமிர்ந்து நிற்காது. பெற்ற பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி அவன் அதைப் போர்த்தினான். மழைக்காலத்தில் பிள்ளையை அப்படிப் போர்த்தினால் அதுவும் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஆயுதபூஜை வந்தது. வெளியே எடுத்து, அரைத்த சந்தனத்தைக் குழல் மேலே, கண் வைக்கிற விளிம்பு வரைக்கும் குளிரக் குளிர அப்பி, குங்குமம் வைத்து, ஈரம் சொட்டுகிற துளசி மாலையைச் சுற்றினான். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று அப்படியே உறை போட்டு மூன்று நாள் மூடி வைத்தான். நாலாம் நாள் கைக்குட்டையால் துடைத்தான். அதே கைக்குட்டையால்தான் முகத்தையும் துடைத்திருந்தான்.

"சாமிக்குச் சாத்துனா மாதிரில்லா சாத்திருக்கான்" என்றாள் அங்கம்மாள். எட்டு பேரில் மூத்தவள், அறுபத்திரண்டு வயது. "வரம் கேட்டா குடுக்குமா, ஏட்டி?"

"கேட்டுப் பாருக்கா. ரெண்டாயிரம் மடங்காக் குடுக்கும்."

வரம்தான் வந்தது. தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் விஸ்வநாத் எட்டு பேரின் சாக்கிலிருந்தும் ஆளுக்கு ஒரு துண்டு சுக்கு வாங்கிக்கொண்டு போனான். இடித்து, தண்ணீரில் குழைத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தான். கண் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கில்லை. மூக்குக் கண்ணாடி இடிக்கிறதாம். இரண்டு குழல்களில் வலது பக்கத்துக் குழலில் செல்போனை மாட்டி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தான். புதன்கிழமை எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தான்.

"எட்டு சாம்பிள். எட்டிலயும் ஃபங்கஸ். பூசணம். இதோட ஏத்துமதி பண்ணினா கன்டெய்னரோட திரும்பி வரும். நீங்கள்ளாம் வேர்வைக் கையோட தொட்டுத் தொட்டுத்தான் இது வர்றது. திங்கக்கிழமையிலேர்ந்து கிளவுஸ் போட்ட கான்ட்ராக்ட் ஆளுங்க வருவா. சனிக்கிழமை எல்லாரும் ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்கோ."

"எதுக்குக் கையெழுத்து?" என்றாள் பொன்மணி.

"உங்க சாம்பிள்ளதான் பூசணம் இருந்ததுன்னு ஒப்புக்கறதுக்கு. நாளைக்கு யூனியன்காரா யாரும் வந்து நிக்கப்படாதோன்னோ?"

அங்கம்மாள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷச் சுக்கு அந்தக் கையில் வேர்வையை விட்டு வைத்திருக்கவில்லை. காய்ந்த விறகு மாதிரி வெடித்திருந்தது.

அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இறால் உரிக்கிற கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் நிற்க அவள் கால் தாங்காது. ஹோட்டலில் அந்த வயசுக்குப் பாத்திரம் கழுவவும் எடுக்கமாட்டார்கள். மற்ற ஆறு பேரும் இரண்டு நாளாகத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள்: மூக்குக்குத் தெரியாத பூசணம் மெஷினுக்குத் தெரிந்திருக்கலாம், படித்தவன் பொய் சொல்வானா? பொன்மணிக்கு அவர்கள் மேலும் எரிச்சல் வந்தது. தன் மூக்கை நம்பாதவளுக்கு முறம் எதற்கு?

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் சுவரில் எட்டுப் படங்களை ஒட்டியிருந்தான். ஒவ்வொன்றின் கீழும் மலையாளத்தில் ஒரு பெயர். மேஜையில் காகிதம், பேனா, கைநாட்டுக்கு மை. ஜன்னலோரம் மைக்ராஸ்கோப், செல்போன் மாட்டியபடி. சேவியர் வாசலில் நின்று ஆளை ஒவ்வொருத்தராக உள்ளே விட்டான். அங்கம்மாள் விரலை மையில் வைக்கப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற பொன்மணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பார்த்து, இது வேறு, அது வேறு என்று பிரிக்கிற கண் அது. ஒரு சுக்குத் துண்டு மாதிரி இன்னொன்று இருந்து அவள் பார்த்ததே இல்லை. படங்களில் வட்ட வட்டமாக மாவு தெரிந்தது. ஒரு படத்தில் குவியலாக, ஒன்றில் சிதறி, ஒன்றில் ஓரமாக. அதன் மேல் ஒரு மெல்லிய நூல். கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, குட்டைக் கையின் நுனியில் ஒரு முடிச்சு. அடுத்த படத்திலும் அதே கவட்டை, அதே முடிச்சு, அதே மூலை. அதற்கடுத்ததிலும்.

"அக்கா, விரலை எடு."

"என்னடி?"

"எடுன்னா எடு. சார், இது அக்காவோடது, இடுக்கிச் சரக்கு. இது என்னுது, வயநாட்டுச் சரக்கு. மாவு மாறியிருக்கு. நூலு மட்டும் ரெண்டுலயும் ஒரே எடத்துல எப்படிக் கவட்டை விரிச்சு நிக்கி?"

விஸ்வநாத் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபங்கஸ்னா அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒரே ஜாதி."

"ஒரே சாதின்னா ஒரே மூஞ்சியா? எங்க ஊர்ல ஒரே சாதிக்காரன் ஆயிரம் பேரு கெடக்கான். ஒருத்தன் மூக்கு இன்னொருத்தனுக்குக் கெடையாது."

வாசலில் சேவியர் சிரிப்பை இருமலாக்கினான்.

"இதெல்லாம் உனக்குப் புரியாது, பொன்மணி. சயின்ஸ்."

"புரியாதுதான். அதான் கேக்கேன். சுக்கே வைக்காம வெறும் சில்லைக் காட்டுங்க. அதுல நூலு இல்லைன்னா நானே மொதல்ல கைநாட்டு வைக்கேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், இருந்தாலும் கைநாட்டே வைக்கேன்."

"நேரமில்லை" என்றான் விஸ்வநாத்.

"சாரே, ஒண்ணு வெச்சு நோக்கலாம்" என்று உள்ளே வந்தான் சேவியர். "நஷ்டமொண்ணும் இல்லல்லோ." பதிலுக்குக் காத்திருக்காமல் புதுச் சில்லு ஒன்றை எடுத்துச் செருகி விளக்கைப் போட்டான்.

செல்போன் திரையில் வெள்ளை வட்டம். மாவு இல்லை, ஒன்றும் இல்லை. மூலையில் கவட்டை மட்டும் தெளிவாக நின்றது.

"சில்லு அழுக்கா இருக்கும்" என்றான் விஸ்வநாத்.

பொன்மணி சில்லையே உருவச் சொன்னாள். சேவியர் உருவினான். கவட்டை அசையவில்லை. "இப்ப அந்தக் குழலைத் திருகுங்க, சேட்டா. அழுக்கு குழாய்க்குள்ள இருந்தா குழாயோட சேர்ந்து சுத்தும்லா?"

சேவியர் செல்போனைக் கழற்றிக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, கண் வைக்கிற வலது குழலை மெல்லத் திருகினான். கவட்டை சாய்ந்தது, படுத்தது, தலைகீழாக நின்றது.

"ஏட்டி, பூசணம் சிரசாசனம் போடுதுடி!" என்றாள் அங்கம்மாள். வாசலில் நின்ற ஆறு பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

சேவியர் குழலை வெளியே உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூசணம் ஓடியிருந்தது. மேல் விளிம்பில் காய்ந்த சந்தனம். "இது கம்ப்ளீட் பூப்பலாணு, சாரே, பூசணம்" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவன் ஒன்றும் மெனக்கெடவில்லை.

குடோன் முழுக்கத் தேடினாலும் பூசணம் இருந்த ஒரே இடம் அதுதான். அந்த ஒன்றை மட்டும்தான் இந்தப் பெண்கள் தொட்டதில்லை.

விஸ்வநாத்தின் காது சிவந்தது. மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வரும் என்று பொன்மணி எதிர்பார்க்கவுமில்லை. "இன்ஸ்ட்ருமென்ட்ல ஒரு சின்ன இஷ்யூ" என்றான். "சர்வீஸ் பண்ணணும்."

"அப்ப திங்கக்கிழமை?"

"வாங்கோ. எல்லாரும் எப்பவும் போல வாங்கோ."

"படம் செவுத்துல இருக்கே சார். அதுல எங்க பேரு இருக்கு."

அவன் சேவியரைப் பார்த்தான். சேவியர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் விஸ்வநாத்தே எழுந்து எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பிய்த்தான். ஒட்டுநாடாவோடு சேர்ந்து ஈரச் சுண்ணாம்பும் பெயர்ந்து அவன் இஸ்திரிச் சட்டையில் கொட்டியது. எட்டாவதும் கிழிகிற வரைக்கும் யாரும் நகரவில்லை. மேஜையில் கிடந்த காகிதத்தை அங்கம்மாள் எடுத்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்புப் பற்ற வைக்க ஆகும் என்றாள்.

விஸ்வநாத் கடைக்காரனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அதுல ஈரம் உறிஞ்சுற வெள்ளைப் பொட்டலம் போட்டிருந்தோமே, சார், எங்கே? மழைக்காலத்துல அதோடதானே வைக்கணும்? உறையை இறுக்கிக் கட்டவே கூடாது, சார். உடனே கொண்டு வாங்க, மத்த லென்ஸுக்கும் பரவிடும்."

விஸ்வநாத் திரும்பினான். "பொன்மணி, அந்தப் பொட்டலமெல்லாம் எங்கே?"

"நீங்கதானே சார் குப்பை, தூக்கிப் போடுன்னீங்க."

"சரி, சரி. இதைத் தூக்கிக் கார்ல வை."

பொன்மணி இரண்டு கைகளையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். "வேர்வைக் கை சார். லென்ஸ் போயிடும்."

அவனே தூக்கினான். ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, அடியில் மறு கையைக் கொடுத்துத் தூக்க வேண்டியதை, வலிப்பு வந்த ஆளைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தான். சுக்குக் குவியலைத் தாண்டும்போது தும்மல் வந்தது. இரண்டு கையும் அடைபட்டிருந்ததால் மூக்கைப் பொத்தவும் வழியில்லை. அது மேலேயே தும்மினான். இன்னொரு தும்மல் கார் வரைக்கும் கேட்டது.

பெண்கள் முறத்துக்குத் திரும்பினார்கள். அங்கம்மாள் ஒரு துண்டை எடுத்து ஒடித்தாள். டக்கென்று கேட்டது.

பொட்டலங்களைப் பொன்மணி தூக்கிப் போட்டிருக்கவில்லை. வீட்டுத் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் மகளுடைய பத்தாம் வகுப்புச் சர்ட்டிபிகேட்டுக்கும் நடுவில், மெஷினோடு வந்தது சும்மா வந்திருக்காது என்று அன்றைக்கே போட்டு வைத்திருந்தாள். போன வருஷம் வரை மழை முடிந்து திறந்தால் காகிதத்தில் கரும்புள்ளி இருக்கும். இந்த வருஷம் ஒரு புள்ளி இல்லை.

அவன் கேட்டபோது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் திருப்பிக் கேட்டாலும் கேட்பான்.