பெயிண்ட் படாத இடம்

மீட்டருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கால்களைச் சீட்டின் முதுகில் போட்டு, தலையைப் பெடல் பக்கம் தொங்கவிட்டு, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கிடந்தார். ரெண்டே ரெண்டு பேர் உட்காரக்கூடிய வண்டி, முப்பத்தாறு வயசு. மேலே முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. உள்ளே எலிப்புழுக்கை. எந்த மகராசனோ ரெண்டு ஒயரைக் கையால் முறுக்கி, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை மேலே ஒட்டியிருந்தான். பக்கத்தில் ஒரு பியூஸ் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இன்னொரு ஜாயின்ட்டில் சூயிங்கம். யாரோ மென்று துப்பியது.

"கர்மம்" என்றார் கவ்விய வாயோடு.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன். இருபத்தெட்டு வருஷமாக ஒயரோடு மல்லுக்கட்டுகிறவர். மல்டிமீட்டரை எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் மீட்டர் என்று பேர் வந்துவிட்டது, சொந்தப் பேர் ரேஷன் அட்டையோடு சரி. வெளியாள் வண்டியாக இருந்திருந்தால் இந்நேரம் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பியிருப்பார். இது தங்கச்சி புருஷனுடைய வண்டி. நாளைக்குப் பழைய கார்களின் ஊர்வலம். காலையில் மலை ஏறி, மேலே நடுவர்கள் பார்த்து மார்க் போட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்குவார்கள். இருபத்திரண்டு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் கிடையாது. இந்தச் சனியனின் ஹெட்லைட்டோ நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். வண்டி எக்கேடு கெட்டால் அவருக்கென்ன. பக்கத்துச் சீட்டில் உட்காரப்போவது கூடப்பிறந்தவளாயிற்றே.

"மச்சான், பார்த்து. பெல்ட் பக்கிள் பட்டுக் கீறிடப்போகுது" என்றார் மாப்பிள்ளை. ஒரு மணி நேரத்தில் இது பத்தாவது தடவை. மனுஷன் மிருதுவான துணி ஒன்றை வைத்துக்கொண்டு பானெட்டைத் துடைத்தபடியே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பார். பெற்ற பிள்ளையின் மூக்கைக்கூட அவர் இத்தனை பதமாகத் துடைத்ததில்லை.

"ஹாரனை அடிங்க மாப்பிள்ளை."

அடித்தார். ஹாரன் முனகியது, வைப்பர் ஒரு வெட்டு வெட்டி நின்றது.

"பிரேக்கை மிதிங்க."

மிதித்தார். பின்னால் இண்டிகேட்டர் மங்கலாக முழித்தது.

மீட்டர் வெளியே ஊர்ந்து வந்தார். ஒன்றைத் தட்டினால் இன்னொன்று ஆடுகிறது என்றால் நோய் எர்த்தில்தான், கரண்டு திரும்பிப் போகிற வழியில். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் பானெட்டைத் திறந்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை ஹெட்லைட்டின் எர்த் ஒயரிலும் வைத்து லைட்டைப் போடச் சொன்னார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஐந்து வோல்ட் காட்டியது. அந்த ஒயரைப் பாடியோடு சேர்த்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் இரும்பு இருக்க வேண்டும். இருந்தது பெயிண்ட், அதுவும் நாலு கோட்டு, வழவழவென்று.

"இதை யார் அடிச்சது?"

"போன வருஷம் முழு பாடியும் பிரிச்சு அடிச்சேன்ல. ஒரு இண்டு இடுக்கு விடலை" என்றார் மாப்பிள்ளை, பெருமை தாங்காமல்.

"வர்ற கரண்டு திரும்பிப் போகணும் மாப்பிள்ளை. பாடி வழியாத்தான் போகணும். அந்த வழியை அடைச்சுட்டு உக்காந்திருக்கீங்க. அந்தக் காலத்துல கம்பெனிக்காரன் இந்த இடத்தை வேணும்னேதான் பெயிண்ட் இல்லாம விட்டான். போல்ட் இருக்கிற இடத்துல மட்டும் சுரண்டிட்டா வேலை முடிஞ்சுது."

மாப்பிள்ளை துணியை மார்போடு அணைத்துக்கொண்டார். "சுரண்டுறதா? நடுவர் முதல்ல பானெட்டைத்தான் திறப்பாங்க மச்சான். ஒரு கீறலுக்கு அஞ்சு மார்க் கழிப்பாங்க."

"சரி, பேட்டரிக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்து விடுறேன்."

"அதிகப்படி ஒயருக்குப் பத்து மார்க். கீழ இறங்கின பிறகும் ஒரு தடவை பார்ப்பாங்க."

இந்த ஆளிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று எரிச்சலோடு மீட்டர் மறுபடி உள்ளே புகுந்தார். பக்கத்துச் சீட்டுப் பக்கமாக ஏதாவது குறுக்கு வழி உண்டா என்று பார்த்தவரின் கையில், கார்ப்பெட்டுக்கு அடியில் செருகியிருந்த ஒரு கறுப்பு ஒயர் தட்டுப்பட்டது. முன்னால் ஹெட்லைட்டின் எர்த்திலிருந்து திருட்டுத்தனமாக உள்ளே வந்திருந்தது. நுனியில் செம்பு கருகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பூப்போட்ட துணியைச் சுற்றிச் சின்னச் சின்னத் தையல் போட்டிருந்தார்கள். இத்தனை நேர்த்தியாகத் தைக்கிற மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை. டார்ச்சை மேலே திருப்பினார். டாஷ்போர்டைத் தாங்கும் பட்டையில் பெயிண்ட் ஏறாமல் விட்டுப்போன ஒரு முனை, தேய்ந்து தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒயரின் நுனியை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு எழுந்து ஷெட்டை ஒட்டின சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வா."

தங்கச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒயரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அதுவா? மலையில லைட் போனா நான் பிடிச்சுக்குவேன் அண்ணா. அந்த இரும்புல அழுத்திப் பிடிச்சா எரியும். விட்டா அணைஞ்சிடும்."

"கையைக் காட்டு."

காட்டவில்லை. அவரே பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தடித்து, பழுப்பேறி, ஒரு இடத்தில் புதுக் கொப்புளம். பிடி தளர்ந்தால் பொறி பறக்கும், செம்பு கொதிக்கும். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கையிலும் சூடு பட்டிருக்கிறது, ஆனால் பட்ட மறு நொடி உதறிவிடலாம். இவள் உதறினால் வளைவில் இருட்டு.

"போன தடவை எத்தனை நேரம் பிடிச்சே?"

"கீழ வர்ற வரைக்கும். முக்கால் மணி இருக்கும். பழகிடுச்சு."

"இருட்டுலேயே அவளுக்கு இடம் தெரியும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "பார்க்காமலே டக்குனு வைப்பா. நடுவர் வந்தா கார்ப்பெட்டுக்கு அடியில தள்ளிடுவா, ஈ காக்காய்க்குத் தெரியாது."

எலிப்புழுக்கை, பிளாஸ்திரி, எவனோ துப்பின சூயிங்கம், எல்லாவற்றையும் மீட்டர் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவையெல்லாம் வெறும் அழுக்கு. ஒரு போல்ட்டுக்கு அடியில் சுரண்ட மனசில்லாமல் பெண்டாட்டியை எர்த் ஒயராக உட்கார வைத்திருக்கிறான், அதை எதிரே நின்று பெருமையாகச் சொல்கிறான். இந்த மனுஷனோடு ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறோமே என்று அருவருப்பாக இருந்தது. தனக்கும் வெட்கமாக இருந்தது. இந்தக் கையை அவர் எத்தனையோ தடவை பார்த்தவர், கேட்டதில்லை.

"நாளைக்கு நீ இந்த வண்டியில ஏறக் கூடாது" என்றார் தங்கச்சியிடம்.

"மச்சான், குடும்பத்துல கலகம் பண்ணாதீங்க. ஜோடியாப் போனாத்தான் ஊர்வலத்துல சேர்ப்பாங்க. ஒரு நாள்தானே. இந்தத் தடவை துணியை இன்னும் ரெண்டு சுத்து சுத்திக்கட்டும்."

தங்கச்சி புருஷனைப் பார்த்தாள். கோபம் மாதிரித் தெரியவில்லை. கணக்குப் போடுகிற முகம்தான்.

"நானும் லைசென்ஸ் வச்சிருக்கேன்" என்றாள். "நாளைக்கு இறங்கும்போது நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பிடிச்சுக்கோங்க."

"நானா? சும்மா இரு. கை வெந்துடும்."

யோசிக்காமல் வந்த பேச்சு. சொல்லிவிட்டு மாப்பிள்ளை பானெட்டுப் பக்கம் திரும்பி, துடைக்க ஒரு தூசியைத் தேடினார். தூசி இல்லை.

தங்கச்சி டூல் பெட்டியில் குனிந்து, சுரண்டியைத் தேடி எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

"சுரண்டு அண்ணா."

"ஏய், மார்க்..." என்று மாப்பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். நகர்ந்து போகச் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை, வெறுமனே நின்றாள்.

மீட்டர் குனிந்தார். போல்ட்டுக்கு அடியில் நகத்தளவு சுரண்டினால் போதும். அவர் உள்ளங்கை அளவுக்குச் சுரண்டினார்.