இடப்பக்கம் இழுத்த வண்டிகள்

மூன்றாவது ரோபோ வண்டியும் இடப்பக்கமே ஒதுங்கியபோது ஹம்சவேணி நாற்காலியை விட்டு எழுந்தாள். முதல் வண்டி ஒதுங்கியபோது பையன்கள் சரியாகப் பூட்டவில்லை என்று நினைத்தாள். இரண்டாவதுக்கு, தரை சரிவோ என்று குனிந்துகூடப் பார்த்தாள். ஆனால் நகரத்துக் கல்லூரிகளின் வண்டிகள் அதே தரையில், விலை கூடிய புது மோட்டார்களோடு, நூல் பிடித்த மாதிரி போய்வந்தன. ஒதுங்கிய மூன்றும் அவள் வரைந்து கொடுத்த வண்டிகள். அவள் படத்தைப் பார்த்துச் செய்தவை இன்னும் ஐந்து வரிசையில் நின்றன.

போட்டி ஒன்றும் பெரிய வித்தையில்லை. இரண்டு நாடாக்களுக்கு நடுவே பன்னிரண்டு அடி நேராகப் போய், ஒரு மரக்கட்டையைக் கவ்விக்கொண்டு, திரும்பாமல் அப்படியே பின்னால் வர வேண்டும். சக்கரம் நாடாவைத் தொட்டால் வெளியே. முதல் இரண்டு அணிகளைச் சென்னைக் கம்பெனி ஒன்று பயிற்சி வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. 2006-இல் கிராமத்துப் பாலிடெக்னிக் பக்கம் எந்தக் கம்பெனி தலைவைத்துப் படுத்தது? தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் லெக்சரராக இருந்த ஹம்சவேணிக்கு அது பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, எட்டு பாலிடெக்னிக்குகளுக்குத் தபாலில் அனுப்பினாள். பழைய சாமான் கடையில் பஸ் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார் இரண்டு வாங்குங்கள். நடுவில் அச்சு போட லேத்துக்காரரிடம் போனால் செலவு. ஒரு தகரத்தட்டில் துளை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக எதிரும் புதிருமாகப் பூட்டிவிடுங்கள். நேர்வழிதானே, திருப்புவதற்குத் தனி சுவிட்சும் வேண்டாம். எழுதி முடித்த அன்றைக்குத் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

நான்காவது வண்டியும் இடப்பக்கம் போய் நாடாவில் ஏறியபோது அவளுக்கு விளங்கிவிட்டது. வைப்பர் மோட்டார் ஒரே பக்கம் சுற்றுவதற்கென்று செய்தது. மறுபக்கம் சுற்றச் சொன்னால் சுற்றும். ஆனால் மனசில்லாமல், கொஞ்சம் மந்தமாக. எதிரெதிராகப் பூட்டினால் எப்போதும் ஒன்று அப்படித்தான் சுற்றியாக வேண்டும்; முன்னால் போகும்போது அது இடது. குறிப்பு எழுதுமுன் அவள் செய்து ஓட்டிப் பார்த்த வண்டி மட்டும் எப்படி நேராகப் போனது? அவளுக்கு வாய்த்த ஜோடியில் வலப்பக்க மோட்டார் பாதி தேய்ந்த கிழம். இடது மந்தம், வலது கிழம், இரண்டும் சமம். முன்னால் நேராகப் போவது பின்னால் மட்டும் கோணலாகவா போகும் என்று அவள் பின்னால் ஓட்டியே பார்க்கவில்லை. இந்த அழகில், தேயாத மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். பிள்ளைகள் அவள் சொன்னபடியே தேடித் தேடி நல்லதாக வாங்கியிருந்தார்கள். வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் தன்னையே திட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கடைசியாக ஓட்ட வேண்டியது கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பாலிடெக்னிக் அணி. கடைசி வருஷம் படிக்கும் பாண்டீஸ்வரியும் சூரியபிரகாஷும் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து இடது சக்கரத்தில் எதையோ இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பாண்டீஸ்வரி தாவணியால் சக்கரத்தை மூடினாள். மெல்லக் கேட்டதில் வந்தது: பத்து நாளாகவே வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. துளை கோணல் என்று நினைத்து மூன்று தட்டு மாற்றியும் கேட்கவில்லை. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகுமே என்று, நேற்று பாண்டீஸ்வரிதான் இடதில் சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு சுற்று சுற்றியிருக்கிறாள். இப்போது நேராகப் போகிறது.

யாரும் சொல்லித்தராமல் இந்தப் பெண்ணுக்குத் தோன்றியதே என்று ஹம்சவேணிக்கு மேல் சிலிர்த்தது. அடுத்த நொடியே திரும்பி வரும் ஓட்டம் நினைவுக்கு வந்தது. பின்னால் வரும்போது மோட்டார்கள் மாறிச் சுற்றும், இடதுதான் வேகம்; இப்போது அதன் சக்கரமும் பெரிது. பின்னால் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். நேராகப் போன சந்தோஷத்தில் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகச் சூரியபிரகாஷ் சிரித்தான். அதற்குள் மைக்கில் அவர்களைக் கூப்பிட்டார்கள். நல்லாப் போகும், போங்க என்றாள் ஹம்சவேணி. வாய் கூசாமல் அப்படிச் சொன்னதை அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

போகும்போது வண்டி நேராகப் போனது. கட்டையைக் கவ்வியது. நகரத்துப் பையன்களே கைதட்டினார்கள். பின்னால் வரச் சொன்னதும் பின்பக்கத்தை வெட்டித் திருப்பி, இரண்டே அடியில் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றது. மற்ற ஏழு வண்டிகளும் இவ்வளவு மோசமாக நிற்கவில்லை.

பாண்டீஸ்வரி அழவில்லை. நேராக ஹம்சவேணியிடம் வந்தாள். "மன்னிச்சிருங்க மேடம். நீங்க போட்டுக் குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு. நாங்கதான் கெடுத்துட்டோம்."

ஹம்சவேணி எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன் படத்தில் என்றாள், மோட்டாரின் குணத்தை விளக்கினாள், தேய்ந்த மோட்டாரையும் சொன்னாள். ஓட்டிக் காட்டலாம் என்றால் பேட்டரியில் உயிரில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போனாள். டவுன் பஸ்ஸில் நின்றபடி ஒரு தாளில் வரைந்தும் காட்டினாள். இருவரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஏழு வண்டிகளும் ஒரே பக்கமாகப் போனதே, அதைப் பார்த்தீர்களா என்றாள். அவர்களும் எங்களைப் போலக் கிராமத்துப் பிள்ளைகள்தானே மேடம், அவர்களுக்கு மட்டும் துளை நேராகவா விழும் என்றாள் பாண்டீஸ்வரி.

சூரியபிரகாஷ் வண்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "எங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு இம்புட்டுத் தூரம் வந்து சொல்றீக மேடம். புரியுது," என்றான்.

பாண்டீஸ்வரி தாளை நான்காக மடித்து மரியாதையாகப் பைக்குள் வைத்தாள். "தங்கச்சியும் மெக்கானிக்கல்தான் சேருவேன்னு நிக்கிறா மேடம். வேணாம்னு சொல்லிரணும். இது நமக்கு வர்ற வேலை இல்ல."

ஹம்சவேணி அவள் கையைப் பிடித்து, சத்தியமாக என் தப்புதான் பாண்டீஸ்வரி என்றாள். சரிங்க மேடம் என்றாள் அவள், காய்ச்சல்காரரைச் சமாதானப்படுத்துகிற குரலில். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் பின்னால் எடுத்து, பூ மார்க்கெட் பக்கம் திரும்பி வெளியே வந்தது. ஹம்சவேணி கை அசைத்தாள். ஜன்னலோரம் பாண்டீஸ்வரி நிமிரவில்லை. மடியில் சாக்கை அவிழ்த்து, தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஸ்கேலை வைத்துத் துளையிலிருந்து விளிம்புவரை மறுபடியும் அளந்துகொண்டிருந்தாள்.