ராசா தலை இல்லாத காசு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல், தலவாக்கலையில் மீராசாஹிபின் புடவைக் கடை பாதிக் கதவை அடைத்துக்கொள்ளும். வாசலில் வாடிக்கையாளர் வந்து நின்றாலும் அன்றைக்கு அவர் துணி அளக்கமாட்டார். கட்டுகளை ஒதுக்கிவிட்டு, துணி வெட்டும் பலகைமேல் ஒரு கறுப்பு வெல்வெட் துண்டை விரிப்பார். அதைச் சுற்றி மூன்று பேர் உட்காருவார்கள். மீராசாஹிப் ஒருவர். வட்டகொடை ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கும் சிங்கள ஐயா, ஜயசேன மாத்தயா ஒருவர். மூன்றாமவன் பழனியாண்டி, வட்டகொடைக்கு மேலேயிருக்கும் ஒரு தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். மூவருக்கும் ஒரே பைத்தியம், பழைய காசும் பழைய நோட்டும்.

"காசச் செலவழிக்கத் தெரியாத மூணு பேரு" என்று மீராசாஹிபின் மனைவி செரீபா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். திட்டிக்கொண்டே பிளேன்டீயும் அனுப்பிவைப்பாள்.

அறுபத்து நான்காம் வருஷம் சித்திரை மாதத்துக் கூட்டத்தில் ஜயசேன மாத்தயா கொண்டுவந்தது ஒரு யுத்தகால ஐந்து சத நோட்டு. சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக அப்போது அடித்தது. ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம், நடுவில் தபால் முத்திரைக்கு இருப்பதுபோல ஓட்டை வரிசை. வேண்டியவர்கள் கிழித்துத் தனித்தனியாகச் செலவழிக்கலாம். ஊரெல்லாம் கிழித்துத் தள்ளிவிட்டதால் கிழியாமல் கிடைப்பது அபூர்வம். மீராசாஹிப் காலிப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லாந்தர் செப்புக் காசு ஒன்றை வைத்தார். இரண்டையும் பழனியாண்டி பார்த்தான், தலையாட்டினான், ஆனால் மனசு அங்கே இல்லை. கடைசியில் மடியிலிருந்து தன்னுடையதை எடுத்து வெல்வெட்டின் நடுவில் வைத்தான்.

விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ஐம்பது சதம். இலங்கையில் ஐம்பது சதம் முதல்முதலாக அடித்த ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று இரண்டாம் வருஷத்துக் காசு. ராணியின் மூக்குகூடத் தேயவில்லை.

"ஹரி லஸ்ஸனய்! ரொம்ப அழகு!" என்று ஜயசேன மாத்தயா வாயைப் பிளந்தார். நோட்டைத் தருகிறேன், மாற்றிக்கொள்வோமா என்று அந்த இடத்திலேயே கேட்டார். பழனியாண்டி சிரித்தான். அவன் பல வருஷமாகக் கனவு கண்ட காசு அது.

மீராசாஹிப் மட்டும் கண்ணாடியை மூக்கில் தள்ளி, காசைத் தொடாமல் குனிந்து பார்த்தார். ராணியின் கொண்டைமடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தது.

"பழனி, இது எங்கயிருந்து வந்துச்சு?"

"ஒரு ஆளுகிட்ட வாங்கினேன், நானா." மீராசாஹிபை அண்ணன் முறையில் அவன் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"மஞ்சத் துணியில கெடந்த காசு மாதிரி இருக்கு. நேர்ச்சைக் காசுன்னா நான் தொடமாட்டேன். எடுத்து மடியில வச்சுக்க."

பழனியாண்டி எடுத்து வைத்துக்கொண்டான். யாரிடமும் வாங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். முனிக்கும் தெரியும்.

ஸ்டோரில் இயந்திரங்களை ஓட்டும் பெரிய ரோதைச் சக்கரம் சுழலும் அறையின் மூலையில் ஒரு கல் நட்டிருக்கிறது. அதுதான் ரோதைமுனி. இயந்திரத்துக்குள் கை போகாமல், கால் போகாமல் காக்கிற சாமி. கல்லுக்குப் பின்னாலிருக்கும் இரும்புக் கம்பியில், வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து தொங்கவிடுவார்கள். ஒருநாள் ரோதைக்கு எண்ணெய் விடப் போனபோது, இற்றுப்போன ஒரு முடிச்சின் கிழிசலில் வெள்ளி விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. விளிம்பைப் பார்த்தே காசைச் சொல்லிவிடுகிறவன் அவன். கை சும்மா இருக்குமா? முடிச்சை அவிழ்த்தான், வெள்ளியை எடுத்தான், சட்டைப்பையிலிருந்து ஓர் ஐம்பது சதத்தை உள்ளே வைத்துப் பழையபடியே முடிந்தான். ஐம்பது சதத்துக்கு ஐம்பது சதம், முனிக்கு ஒரு சதம் நட்டமில்லை என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டான். முடிச்சு யாருடையது என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் எடுக்க முடியாது என்பதால்தான் விசாரிக்கவில்லை.

முடிச்சு வீரம்மாவுடையது. அவள் மகன் மாயாண்டி அந்த ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலரில் வேலை செய்தவன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். தமிழர்களைத் தேடி அடித்த ஐம்பத்தெட்டாம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உடம்பும் இல்லை, கடிதமும் இல்லை, பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆளும் இல்லை. தனக்குத் தாலி கட்டிய அன்று மாமனார் முந்தானையில் முடிந்துவிட்ட காசை எடுத்து, மகனுடைய பழைய சட்டைத் துணியில் மஞ்சள் தோய்த்துக் கட்டி, அவள் முனியிடம் தொங்கவிட்டாள். 'அவன் திரும்பி வந்து அவன் கையாலேயே இதை அவிழ்க்கணும்' என்பது வேண்டுதல்.

ஆறு வருஷம் காத்தாள். இந்த வருஷம்தான் மனசு இறங்கினாள். மகள் பூரணிக்கு இறம்பொடைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தது. மூத்தவன் காரியம் முடியாத வீட்டில் எப்படித் தாலி கட்டுவது என்று அவர்கள் தயங்கினார்கள். லயத்தில் வரிசையாக அடுத்தடுத்த வீடுகளில் இருந்த பெண்களும் நல்லபடியாக எடுத்துச் சொன்னார்கள். அழுது தீர்த்து, ஆடி அமாவாசைக்கு மகனுக்குக் கருமாதி செய்துவிடுவதென்று வீரம்மா சம்மதித்தாள். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல தர்ப்பையில் ஓர் உருவம் கட்டி எரித்து, வாய்க்கரிசியோடு அந்தக் காசையும் வைப்பதாக ஏற்பாடு.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் பூரணியைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். ஸ்டோரை மேற்பார்க்கும் டீமேக்கர் ரோதையை நிறுத்தச் சொன்னார். ஆட்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள். எண்ணெய்க் குவளையோடு பழனியாண்டியும் நின்றான். மஞ்சள் சட்டைத் துணியை அவள் கையில் பார்த்ததும் அது எந்த முடிச்சென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பது சதம்தானே, அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று தேற்றிக்கொண்டான்.

வீரம்மா முடிச்சை அவிழ்த்தாள். காசைக் கையில் வைத்துத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"இதுல ராசா தலை இல்லையே" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"நான் முடிஞ்ச காசுல ராணி தலை இருந்துச்சு. இதுல தலையே இல்ல. தலையில்லாத காசு இப்பத்தானே வந்துச்சு?"

டீமேக்கர் வாங்கிப் பார்த்தார். "ஆமா, போன வருசம் அடிச்ச காசு" என்றார்.

"நான் முடிஞ்சது அம்பத்தெட்டுல!" வீரம்மாவின் குரல் தகரக் கூரையில் மோதியது. "அவன் வந்திருக்கான்! அவன் கையால அவுத்திருக்கான்! என் காச எடுத்துக்கிட்டு அவன் காச வச்சிட்டுப் போயிருக்கான்! ஏய் பூரணி, ஒன் அண்ணன் உசுரோட இருக்கான்டி!"

எந்தக் காசைப் பார்த்தாலும் முதலில் வருஷத்தைப் பார்க்கிற பழனியாண்டி, முடிச்சை மாற்றிய அன்றைக்குத் தன் பையிலிருந்த காசைப் பார்க்கவே இல்லை. வெள்ளி கைக்கு வந்த பிறகு மற்றதெல்லாம் அவனுக்கு வெறும் தகரம். அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முனியின் காசைத் திருடியவன் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? கருமாதி நின்றுபோனது.

அதன் பிறகு தோட்டத்தில் ஆளாளுக்கு மாயாண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்றாள் ஒருத்தி. மேல்மலையில் கொழுந்து எடுக்கும்போது பனிக்குள்ளிருந்து இருமினான் என்றாள் இன்னொருத்தி. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒருவன் வந்து போகிறான் என்று நம்பிவிட்டால், வெறும் பனிகூட ஆளாகத்தான் தெரிகிறது.

பழனியாண்டிக்கு உண்மை தெரியும். அப்படியிருந்தும், ஒரு விடிகாலை ரோலர் அறைக்குள் பனி புகுந்திருந்தபோது, மூன்றாவது ரோலருக்குப் பக்கத்தில் ஒருவன் சட்டையில்லாமல் நின்றதை அவன் பார்த்தான். முதுகுதான் தெரிந்தது. வலது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. மாயாண்டிக்கு அப்படித்தான் இருக்கும். பழனியாண்டி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவானோ என்ற பயம். அன்றிலிருந்து காசை எடுத்துப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

வீரம்மா பொழுது சாய்ந்ததும் ரோட்டுத் திருப்பத்து மதகில் போய் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவன் அந்த வழியாகத்தானே வரவேண்டும். மழை கொட்டினாலும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தவிடவில்லை. மகனுக்கென்று ஒரு தட்டுச் சோறு தினமும் காத்திருந்து ஆறிப்போனது. காய்ச்சல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. டிஸ்பென்சரிக்கு வரமாட்டேன் என்றாள், தான் இல்லாத நேரத்தில் அவன் வந்து திரும்பிவிட்டால்? இறம்பொடைக்காரர்களிடமிருந்து பேச்சே இல்லை.

அடுத்த கூட்டத்தில் பழனியாண்டி எதையும் வெல்வெட்டில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஜயசேன மாத்தயா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பொம்பள செத்துப் போச்சுன்னா அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய் வப்ப?" என்றார் மீராசாஹிப். "போய்க் குடுத்துட்டு உண்மையச் சொல்லு. அடிச்சாங்கன்னா வாங்கிக்க."

அன்றைக்கே போனான். வழியெல்லாம் சொல்லவேண்டியதை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே போனான். கதவு திறந்து கிடந்தது. மழைச்சாரல் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. வீரம்மா சாக்கில் படுத்திருந்தாள், கண் வாசலில் இருந்தது. பூரணி அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்று உட்கார்ந்து, காசை அவள் உள்ளங்கையில் வைத்தான். "இதப் பாருங்க."

அவள் கட்டைவிரலால் ராணியின் முகத்தைத் தடவினாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"இது என் காசு."

"ஆமாக்கா. அத வந்து... நான்தான்..."

"ஒன் கையில குடுத்தானா?" அவன் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள். கொதிக்கிற கை. "எங்க பாத்த தம்பி? எம்மவன எங்க பாத்த?"

உருப்போட்டதெல்லாம் எங்கோ போய்விட்டது. இல்லை என்று சொல்லவேண்டும். இல்லை அக்கா, நான் திருடினேன், உன் மகன் வரவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான். ஆறு வருஷம் கழித்து மகன் செத்துப்போனதைக் கேட்கப்போகிற முகமாக அது இல்லை.

"ஸ்டோர்லதான் அக்கா" என்றான். "ரோலர் பக்கத்துல."

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"மெலிஞ்சிருந்தானா?"

"கொஞ்சம் மெலிஞ்சுதான் இருந்தான்."

"ஏன் வீட்டுக்கு வரல?"

"வர முடியாத நெலமையாம் அக்கா. நீங்க மழையில மதகுல உக்காரக் கூடாதுன்னு சொன்னான். மருந்து வாங்கிக் குடிக்கணும்னு சொன்னான். பூரணி கல்யாணத்த நிப்பாட்டவேணாம்னும் சொல்லச் சொன்னான்."

வீரம்மா சின்னப் பிள்ளைபோல் தலையாட்டினாள். காசை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, "பூரணி, குளிருதுடி, கதவச் சாத்து" என்றாள். ஆடி அமாவாசைக்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்தச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கதவை வெளிப்பக்கமாகச் சாத்திக்கொண்டு பூரணியும் அவனோடு வாசலுக்கு வந்தாள். லயத்துக் கானில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அவள் மெதுவாகப் பேசினாள்.

"மாமா, காச எடுத்தது நீங்கதான். அது எனக்கு அன்னைக்கே தெரியும். காசுப் பைத்தியம் புடிச்ச ஆளு இந்தத் தோட்டத்துல வேற யாரு? அம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன். ஒன் கல்யாணத்துக்காக அண்ணனச் சாவடிக்கிறியான்னு அடிச்சுச்சு."

அவன் கைகளைக் கூப்பினான். அவள் அதைப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணன் செத்துட்டான். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இனி அத எங்கம்மாகிட்ட யாரும் சொல்ல முடியாது. நீங்க அப்படிப் பண்ணிட்டீங்க. நாளைக்கு மருந்து குடிக்கும். மறுநாளு கேக்கும், அவன் என்ன சொன்னான்னு. நீங்கதான் வந்து சொல்லணும். எங்கம்மா உசுரோட இருக்கிற மட்டும் நீங்கதான் வரணும்."

பழனியாண்டி வாசலிலேயே நின்றான். அவமானப்படுத்தித் துரத்தியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, போயிட்டியா? ஒண்ணு கேக்க மறந்துட்டேன். என்னப் பத்திக் கேட்டானா அவன்?"

யோசிக்காமலே பதில் வாயில் வந்துவிட்டது. அதுவும் தன் குரல் மாதிரி இல்லாமல் வந்ததுதான் அவனைக் கலக்கியது.

"மொதல்ல அதத்தான் கேட்டான் அக்கா."