உடையாத மணிகள்

அக்கா போனில் போட்ட கத்தலில் கம்பெனித் தொட்டியின் இரைச்சலே தொட்டிக்காரியின் காதில் விழவில்லை.

"ஏண்டி, உங்க கம்பெனி சத்துமாவுல என்னத்தடி போடுறீங்க? டயப்பரை நிறுத்தினப்புறம் இன்னிக்குத்தான் பாக்குறேன். பாப்பா வெளிக்குப் போனதுல மணி மணியா மின்னுது. ஒண்ணுகூட உடையல!"

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எட்டு வருஷமாக அவள் வேலையே அதுதான். கடற்பாசிப் பசையில் மீன் எண்ணெயைக் கலந்து, கால்சியம் கரைசலில் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் தோல் கட்டி மணியாகும். பத்து நிமிஷம் ஊறினால் போதும், எடுத்துச் சத்துமாவில் கலந்துவிடலாம். வாயில் வாடை தெரியாது. குடலில் போய்த் தோல் இளகி எண்ணெய் இறங்கும்.

ஆறு மாதம் முன்பு, டப்பாவைத் திறந்தால் மீன் வாடை என்று நாலு பேர் புகார் எழுதினார்கள். மேனேஜர் ஒரே வரியில் தீர்த்துவைத்தார்: "நாற்பது நிமிஷம் ஊறட்டும்." தோல் தடித்தது, வாடை போயிற்று. ஆய்வகத்திலும் மணி உடையாவிட்டால் பாஸ். உடைய வேண்டிய இடத்தில் உடைகிறதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். 'மீன் எண்ணெய்ச் சத்து சேரணும்' என்று டாக்டர் சொன்ன அக்கா மகளுக்கு மாதாமாதம் டப்பா கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான்.

மறுநாள் காலை, அக்கா வீட்டிலிருந்து வாங்கிவந்த மணிகளைக் கழுவி, மருந்து பாட்டிலில் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். முகர்ந்து பார்த்தார்.

"பாத்தியா? துளி வாடை இல்ல. அழுத்தினாலும் அசையல. எந்த பேட்ச்?"

"போன மாசத்து பேட்ச் சார். எங்க அக்கா பொண்ணு சாப்பிட்டது. நேத்து வெளிய வந்துச்சு."

மணி தரையில் உருண்டது. அவர் கையைப் பேன்ட்டில் துடைத்தார். போதாமல் கோப்பிலும் துடைத்தார்.

"அறிவிருக்கா உனக்கு?"

"கழுவித்தான் கொண்டாந்தேன். கையில பட்டதுக்கே இந்தப் பாடு படுறீங்களே, அவ ஆறு மாசமா முழுங்கியிருக்கா."

"ஒரு குழந்தைக்கு வயிறு சரியில்லைன்னு மொத்தத்தையும் மாத்துவாங்களா? மறுபடி வாடைன்னு புகார் வந்தா நீ பதில் சொல்லுவியா?"

"டப்பாமேல 'மூளை வளர்ச்சிக்கு'ன்னு போட்டிருக்கீங்களே சார், யாரோட மூளை?"

"போ, போய் வேலையப் பாரு."

போனாள். வேலையைத்தான் பார்த்தாள். பத்தாவது நிமிஷம் கரைசலிலிருந்து மணிச் சல்லடையைத் தூக்கினாள். பதிவுத் தாளில் ஊறல் நேரம் என்ற கட்டத்தில் பத்து என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டாள். பழைய தாள்களைப் புரட்டி, ஒவ்வொரு நாற்பதுக்கும் பக்கத்தில் 'குடலில் உடையாது' என்று எழுதிக்கொண்டே போனாள். அதற்குள் லேசாக மீன் வாடை கிளம்பி நடையைத் தாண்டிவிட்டது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "பத்துலயே எடுக்கச் சொன்னது யாரு?"

"ரெண்டு வயசு சார் அவளுக்கு. இன்னும் பேச்சு வரல. அதான் நான் சொல்றேன்."

அடுத்த சல்லடையை இறக்கி, கடிகாரத்தைப் பத்தில் வைத்தாள்.