பதினேழாம் பெட்டி

இன்ஷிராஹ் தேநீர் வேண்டாம் என்று சொன்னதுமே ஷுக்ரி சுவரோரப் பெட்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கெய்ரோவில் ஷுப்ராப் பக்கத்துப் பட்டறைகளுக்குச் சோதனை அதிகாரி வந்து, வந்தவுடன் தேநீர் குடிக்கவில்லையென்றால் ஒன்று அவருக்கு உடம்பு சரியில்லை, அல்லது வேலை செய்யவே வந்திருக்கிறார். இந்த அம்மாள் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தார்.

"முதல்ல சாம்பிள் எடுத்துடறேன் ஹாஜி. நான் டீ குடிக்கிற நேரத்துல பெட்டிகளுக்குக் கால் முளைச்சத நிறைய பாத்திருக்கேன்."

பட்டறை முதலாளி ஹாஜி லம்லூம் தொப்பை குலுங்கச் சிரித்தார். "எங்க பெட்டிக்கெல்லாம் மூட்டுவலிம்மா. ஒரு அடி நகராது."

சுவரோரம் இருபத்து நான்கு மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிக்கு ஐம்பது வால்வு. சமையல் எரிவாயு சிலிண்டரின் தலையில் பொருத்துகிற பித்தளை வால்வு. ஆயிரத்து இருநூறும் இன்றே எரிவாயு கம்பெனிக்குப் போயாக வேண்டும். பெட்டிகளுக்கு எண் எழுதியது ஸ்டோர்காரன் ஷுக்ரிதான். அதில் பதினேழாம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.

போன வாரம் கடைசல் இயந்திரத்தின் உளி மழுங்கி ஐம்பது வால்வு உள்ளே கீறல் விழுந்து வந்தன. பட்டறையின் தண்ணீர்த் தொட்டியிலேயே குமிழி விட்டன. மறுபடி உருக்க உலைக்குப் போக வேண்டிய சரக்கு. ஆனால் அதைக் கழித்தால் ஒரு பெட்டி குறைந்தது. "வியாழக்கிழமை இருபத்து நாலு பெட்டி நிக்கணும். இல்லேன்னா கம்பெனிக்காரன் வேற பட்டறைக்குப் போயிடுவான், முப்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எப்படின்னு எங்கிட்ட கேக்காத" என்று ஹாஜி சொல்லிவிட்டார். எப்படி என்று அவரும் பிறகு கேட்கவில்லை. பெரிய மனிதர்களின் சாமர்த்தியம் அது. அந்த ஐம்பதையும் ஷுக்ரி தன் கையாலேயே அடுக்கி ஆணி அடித்தான்.

கதவு சாத்திய சமையலறையில் ஒரு வால்வு இரவெல்லாம் கசிந்தால் காலையில் ஒரு தீக்குச்சி போதும். இது ஷுக்ரிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவன் தனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தான்: தப்பென்றால் சோதனையில் மாட்டட்டும், மாட்டவில்லையென்றால் அல்லாஹ் விட்டதாக இருக்கட்டும். ஒரு வாரமாக அந்தச் சமாதானத்தைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினான்.

இன்ஷிராஹ் பையிலிருந்து எண்கள் நிறைந்த தாளை எடுத்தார். முறை இதுதான்: இருபத்து நான்கில் எட்டுப் பெட்டி, பெட்டிக்குப் பத்து, ஆக எண்பது வால்வு. இரண்டு கசிந்தால் மன்னிப்பு உண்டு. மூன்றாவது கசிந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். எந்தப் பெட்டி என்பதை அவரும் தீர்மானிப்பதில்லை, முதலாளியும் தீர்மானிப்பதில்லை. தாள் தீர்மானிக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை ஓரிடத்தில் ஊன்றினார். "எழுபத்தொண்ணு, இல்ல. அஞ்சு. இருபத்திரண்டு. நாப்பது, இல்ல. பதினொண்ணு."

ஷுக்ரி ஒவ்வொரு பெட்டியாக இறக்கினான். சட்டை முதுகோடு ஒட்டியது.

"மூணு. பத்தொம்பது. பதினாறு."

பதினேழின் மேல் இருந்த பெட்டி அது. அதை எடுத்ததும் பதினேழு வெளியே முகம் காட்டிக்கொண்டு நின்றது. ஷுக்ரி அதைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டான்.

"ரெண்டு. எட்டு. அவ்வளவுதான்."

தப்பித்துவிட்டது.

கடைசல்காரன் துல்பா வால்வுகளை ஒவ்வொன்றாகக் காற்றுக் குழாயில் முறுக்கித் தொட்டித் தண்ணீரில் முக்கினான். முப்பது எண்ணும்வரை குமிழி வரக்கூடாது. "என்ன ஷுக்ரி அண்ணே, பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்கிற மாதிரி நிக்கிறீங்க" என்று கேலி வேறு.

முப்பத்தொன்றாவது வால்வு குமிழி விட்டது. ஹாஜியின் விரல்களில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணிகள் நின்றன. அறுபத்து நான்காவதும் விட்டது. இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இனி ஒன்று கசிந்தாலும் போயிற்று. எழுபது. எழுபத்தைந்து. எழுபத்தெட்டில் ஒரு குமிழி வால்வின் உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. துல்பா விரலால் தட்டினான். அது மேலே போய் உடைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"ஒட்டின காத்துதான்" என்றார் இன்ஷிராஹ். "அடுத்தது."

எண்பதும் முடிந்தது. இரண்டோடு நின்றது. ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், ஹாஜி தேநீருக்குக் கத்தினார். இன்ஷிராஹ் பெட்டியொன்றின் மேல் படிவத்தை விரித்தார்.

"சந்தோஷம் ஹாஜி. ஆனா ஒண்ணு, நான் பாத்தது எண்பதுதான். மிச்சம் ஆயிரத்து நூத்தி இருபதையும் நான் பாக்கல. அத நீங்க பாத்திருப்பீங்கன்னு நம்பித்தான் கையெழுத்துப் போடறேன்."

அவர் எல்லாப் பட்டறையிலும் சொல்கிற வார்த்தைதான். ஷுக்ரிக்கு மட்டும் நெஞ்சில் வந்து இடித்தது. சோதனை பார்த்துக்கொள்ளும் என்று அவன் இருந்தான், அவன் பார்த்திருப்பான் என்று சோதனை இருக்கிறது. அப்படியானால் பதினேழை இந்த உலகத்தில் யார் பார்ப்பது? அல்லாஹ் விட்டார் என்று சொல்ல இப்போது அவனுக்கு நா எழவில்லை. பயந்தான், நிஜமாகவே பயந்தான்.

"இன்ஜினியரம்மா, அந்தப் பதினேழையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்."

அவன் பாதி தைரியத்தில் சொன்னது. பெட்டி தானே பேசிவிடட்டும், தன் வாய் தப்பட்டும் என்று.

"பாக்கட்டும்! எத வேணும்னாலும் திறக்கட்டும்!" என்றார் ஹாஜி, ஒன்றும் தெரியாமல் நெஞ்சை நிமிர்த்தி.

இன்ஷிராஹ் சிரித்துவிட்டார். "இந்த வித்தையெல்லாம் எங்கிட்ட வேண்டாம் தம்பி. ஸ்டோர்காரர் கைகாட்டுற பெட்டிய நான் திறந்ததே இல்ல. அது எப்பவும் தங்கமாத்தான் இருக்கும்."

பேனா தாளில் இறங்கியது.

ஷுக்ரி பதினேழாம் பெட்டியை இழுத்துக் கீழே போட்டான். கடப்பாரையால் மூடியை நெம்பினான். ஒரு வால்வை எடுத்துக் குழாயில் முறுக்கித் தண்ணீரில் முக்கினான். முப்பதுவரை எண்ண வேண்டியிருக்கவில்லை. குமிழி கொத்தாகக் கிளம்பியது.

"அண்ணே, என்ன பண்றீங்க!" என்று துல்பா கையைப் பிடித்தான். ஷுக்ரி உதறிவிட்டு இன்னொன்றை முறுக்கினான். அதுவும் கொதித்தது.

"ஐம்பதும் இப்படித்தான்" என்றான். "உலைக்குப் போக வேண்டியது. நான்தான் அடுக்கினேன். வேற யாருக்கும் தெரியாது."

ஹாஜி ஓடி வந்தார். "அது சாம்பிள்ல வரலையேம்மா! வராதது கணக்குல சேராதே!"

இன்ஷிராஹ் பேனாவை மூடினார். பாதிக் கையெழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார். "தெரியாத வரைக்கும்தான் ஹாஜி சாம்பிள். இப்ப தெரிஞ்சு போச்சு. மொத்தமும் ரிஜெக்ட்."

ஹாஜியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"முப்பது வீட்டுச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா பாவி!"

"அந்த முப்பது வீட்டுலயும் சிலிண்டர் இருக்கு ஹாஜி" என்றான் ஷுக்ரி. ஸ்டோர் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து, யாரும் கேட்காமலே அவர் கையில் வைத்தான்.