சீல் வைத்த பெட்டிக்குள் ஓடிய எஞ்சின்

ஈயச் சீல் உடையவில்லை. உப்பிலிக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்.

செய்யூர் கடலை மில் கொட்டகையின் நடுவில் அந்த மரப்பெட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே, ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த டீசல் எஞ்சின். மெட்ராஸ் துறைமுகத்தில் மழை, நெரிசல். அதனால் பெட்டியை அங்கே பிரிக்காமல் சீல் வைத்து லாரியில் அனுப்பிவிட்டார்கள். கஸ்டம்ஸ் அதிகாரி மில்லுக்கே வந்து பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் எஞ்சின் உப்பிலியுடையது. அதுவரை ஓர் ஆணியைக்கூடத் தொடுவதில்லை என்று மில் முதலாளி என்ற முறையில் அவர் பாண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

தொட்டாகிவிட்டது. அதுதான் சங்கடம்.

புதன்கிழமை வரவேண்டிய அதிகாரி வரவில்லை. மழை ரோட்டை அறுத்துவிட, பஸ் மதுராந்தகத்தோடு நின்றுபோனது. வியாழன், கார்த்திகை கடைசி நாள். விடிந்தால் மார்கழி. புது எஞ்சினை மார்கழியிலா முதன்முதலாக ஓட்டுவது? தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால், வயலில் பிடுங்கிய கடலையெல்லாம் வேறு மில்லுக்கு வண்டியேறிவிடும். உப்பிலி வியாழன் காலையில் பஞ்சாங்கமும் கையுமாகக் கொட்டகைக்கு வந்தார்.

"வரதா, சீல் முன்பக்கம்தானே இருக்கு. பின்னாலே ரெண்டு பலகையை எடுத்தா கைப்பிடி போட முடியுமோ?"

"போடலாம் சாமி" என்றான் வரதன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கும் கை துறுதுறுத்தது. இந்த எஞ்சினை நம்பித்தான் செங்கல்பட்டு லோகோ ஷெட்டில் பார்த்த கலாசி எடுபிடி வேலையை விட்டு வந்திருந்தான். எஞ்சின் டிரைவர் உத்தியோகம் என்று உப்பிலி சொன்ன வாக்கு. 'ரயில்வே வேலைய வுட்டுட்டு வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்' என்று அவன் பெண்டாட்டி பொன்னி இன்றுவரை குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பலகைகள் கழன்றன. ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் டீசல், ஒரு கட்டி சூடம். வரதன் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்ற, எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. பெட்டியோடு சேர்ந்து தவளை மாதிரி இரண்டு குதி குதித்தது. பத்தே நிமிஷம். நிறுத்தி, தண்ணீரை வடித்து, பழைய ஓட்டையிலேயே ஆணியை இறக்கிப் பலகையை மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கஸ்டம்ஸ் அப்ரைசர் ராஜேந்திரன் வந்தார். முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை சுருட்டிய பேண்ட், கையில் செருப்பு, கக்கத்தில் தோல் பை. கொடுத்த காப்பியை வேண்டாம் என்றார். சீலைப் பார்த்தார், சரி. அதை வெட்டி, பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். எஞ்சின் நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார், சரி. உப்பிலிக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். ஆள்காட்டி விரலில் கைக்குட்டையைச் சுற்றிப் புகைக்குழாய்க்குள் விட்டு எடுத்தார். கைக்குட்டை கறுத்திருந்தது.

"இறக்குமதி லைசென்ஸ் புது மிஷினுக்குத்தான்" என்றார் அமைதியாக. "இது ஓடின மிஷின்."

"கம்பெனியிலே ஓட்டிப் பாத்து அனுப்பியிருப்பா" என்றார் உப்பிலி. பொய் அவர் வாயில் சரியாக உட்காரவில்லை.

"ரெண்டு மாசம் முந்தின கரின்னா காஞ்சு உதிரணும். இது மை மாதிரி ஒட்டுது. பழைய எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சு உங்க தலையிலே கட்டிட்டான். இந்த வருஷம் இது மாதிரி மூணு பாத்துட்டேன்." பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "பறிமுதல்தான். நாளைக்கு லாரி அனுப்புவோம்."

உப்பிலி தூணைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் சீல் வைத்த சரக்கைத் தொட்ட குற்றம். சொல்லாவிட்டால் எஞ்சின் போச்சு.

வரதன் எஞ்சினைப் பார்த்தான். திரும்பிப் போனால் லோகோ ஷெட்டில் அவன் இடத்தில் வேறு ஆள் இருப்பான்.

"சார், அது நேத்து வந்த கரி" என்றான். "நான்தான் சுத்தனேன்."

ராஜேந்திரனின் பேனா நின்றது. "சீல் அப்படியே இருந்துதே?"

"பின்னாடி பலகை சார்."

"ஏன்யா, ஒரு நாள் பொறுக்க முடியலியா?"

"இன்னிக்கி மார்கழி பொறந்துடுச்சி சார்."

ராஜேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முதலாளியைக் காப்பாத்த நல்ல கதை. எஞ்சினைப் பிடிச்சா மார்கழிங்கறீங்க. நான் எப்படி நம்பறது?"

"ஹெட்டைக் கயட்டிக் காட்டறேன். பழசுன்னு தோணிச்சின்னா, ரெண்டு கேசையும் என் தலையிலயே போட்டுடு சார்."

ராஜேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். சாக்கு மூட்டை ஒன்றில் உட்கார்ந்தார். "கழட்டு."

வரதன் ஸ்பானரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். ஓட்டின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஹெட் என்கிற சிலிண்டர் மூடி எழுந்ததும் அவன் உள்சுவரைத் துணியால் துடைத்து, டார்ச்சை அடித்தான்.

"உள்ள நகத்தால தடவிப் பாரு சார். குறுக்கும் நெடுக்கும் மெல்லிசா கோடு கீதா? கம்பெனியில கடைஞ்ச கோடு. ஒரு வருசம் ஓடனா தேஞ்சி கண்ணாடி கணக்கா ஆயிடும்." அடுத்து அடிப்பக்கத்து மூடியைத் திறந்தான். மூலைகளில் மெழுகு மாதிரி மஞ்சள் கிரீஸ் அப்படியே அப்பிக்கிடந்தது. "துரு புடிக்காம இருக்க அவன் பூசனது. நேத்து ஓட்டனதுல நடுவுல மட்டும்தான் உருகியிருக்குது."

ராஜேந்திரன் நகத்தால் தடவினார். கிரீஸைக் கிள்ளி முகர்ந்தார். மறுபடியும் தடவினார். எழுதிய காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறொன்றை எடுத்தார்.

"எஞ்சின் புதுசு. எழுதிடறேன்." இன்னொரு தாளையும் எடுத்தார். "சீல் வெச்ச சரக்கைத் திறந்தது. பேரு?"

"வரதன்."

"அப்பா பேரு?"

"சின்னையன்."

உப்பிலி தூணைவிட்டு நகர்ந்து வந்தார். "அந்தப் பேரை அடிச்சுடுங்கோ. பாண்டுலே கையெழுத்து என்னோடது. சுத்தச் சொன்னதும் நான். பொய் சொன்னதும் நான்."

"பொய்க்கு இந்த ஃபாரத்திலே கட்டம் இல்லை" என்றார் ராஜேந்திரன். வரதன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். "அபராதம் உங்க பேருக்கு வரும். கொஞ்சம் பலமாவே வரும்."

"வரட்டும்."

மதுராந்தகம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ராஜேந்திரன் இப்போது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். வரதன் மூடியைத் தூக்கி வைத்து நட்டுகளை முடுக்க ஆரம்பித்தான். உப்பிலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானர் பையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எதுடா, இதுவா?"

"அது இல்ல சாமி, அதுக்கு அடுத்தது."