களத்தில் கால் வைத்தவன்

பஞ்சநாதன் வாத்தியாருக்குத் தம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற தெற்குத்தெரு சனங்களை "வாங்க, உக்காருங்க" என்று பேசுகிற ஆள் ஊரில் தாம் ஒருவர்தான் என்பது அதில் பாதி. மீதிப் பாதி கூடைப்பந்து. அவர் பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டராக வந்தபோது பையன்களுக்குப் பந்து என்றால் காலால் உதைப்பது என்றுதான் தெரியும். பனைமரத்தை வெட்டி நட்டு, கொல்லரிடம் இரும்பு வளையம் அடித்து மாட்டி, ஒரு டீமை உண்டாக்கியது அவர்தான். கழக ஆட்சியில் சாதி ஒழிந்துகொண்டிருக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்களைவிட, மேட்சுக்குப் போகிற பஸ்ஸில் மேலத்தெருப் பையனையும் தெற்குத்தெரு வீரையனையும் ஒரே சீட்டில் உட்கார வைக்கிற தாம் ஒரு படி மேலே என்று அவருக்கு உள்ளூர நினைப்பு. இருந்துவிட்டுப் போகட்டும். அதில் நியாயமும் இல்லாமல் இல்லை.

வீரையன் அறுப்புக்காரர் பக்கிரியின் மகன். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன், பேச்சு கம்மி. பந்து கைக்கு வந்துவிட்டால் மட்டும் அவனைப் பிடிக்க முடியாது. தை பிறந்து போட்டிகள் ஆரம்பித்ததும் முதல் மேட்ச் மன்னார்குடியில் நடந்தது. அங்கே அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த மாவட்டத் தேர்வாளர் ஒருவர் வாத்தியாரைத் தனியே அழைத்தார்.

"தஞ்சாவூர்லயும் இப்படியே ஆடினான்னா மாநில கேம்ப்புக்கு எடுத்துக்கறோம் சார். அப்புறம் ரயில்வேயோ போலீஸோ, வேலை தானா வரும்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கிரியின் மகன் காக்கி உடுப்போடு ஊருக்குள் நடந்து வருவதையும், இவனை யார் ஆளாக்கி விட்டது என்று ஊர் கேட்பதையும், திருத்துறைப்பூண்டி வருவதற்குள் அவர் பலமுறை பார்த்துவிட்டார்.

அடுத்து பட்டுக்கோட்டை. அங்கே மண்ணைக் கவ்வினார்கள். அங்கே சிமெண்ட் தரை. மண்ணில் ஆடிப் பழகிய கைகளுக்குப் பந்து பிடிபடவே இல்லை. நினைத்ததைவிட ஒரு சாண் உயரமாக எழும்பி எகிறிப் போயிற்று. வீரையனே மூன்று தடவை பந்தைக் கோட்டை விட்டான்.

"தஞ்சாவூர்லயும் சிமெண்ட்டுதான் சார்" என்றான் கேப்டன் ஜெகபர் அலி. "ஒரு வாரம் சிமெண்ட்ல ஆடினாப் போதும் சார், கை பழகிடும்."

ஒரு வாரம் ஆடச் சிமெண்ட் தரைக்கு எங்கே போவது? ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று. அது மிராசு கலியபெருமாளின் நெல்லடிக்கிற களம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மாட்டுக்காரன் பெயர் வரைக்கும் எழுதி வைத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர் அவர். ஆட்சி மாறியதும் துண்டின் கரையையும் மாற்றிக்கொண்டவர். வேறு வருஷமாக இருந்தால் தை கடைசியில் அந்தக் களத்தில் எள் போட இடம் இருக்காது. கதிர்க்கட்டும் வைக்கோலும் தூசியுமாகக் கிடக்கும். இந்த வருஷம் களம் துடைத்து வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. வயலில் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுக்க ஆள் இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். தெற்குத்தெரு அறுப்புக் கூலியில் ஒரு படி நெல் கூடக் கேட்டது. கலியபெருமாள் முடியாது என்றார். மாரியம்மன் கோயில் வாசலில் தெருவே கூடி, கூலி முடிவாகிற வரை அவர் களத்தில் யாரும் கால் வைப்பதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது. முதலில் சூடத்தை அணைத்த கை பக்கிரியுடையது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துவிடலாமே என்றால், அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர்த் தெருவில் ஒருத்தன் களத்தில் இறங்காத வரை பக்கத்து ஊர்த் தெருக்காரர்கள் இறங்க மாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, அதனால்தானோ என்னவோ அதை யாரும் மீறுவதில்லை. கலியபெருமாளும் பத்து நாளாக வண்டி அனுப்பிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இருந்தார்.

இதெல்லாம் வாத்தியாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது காலியாகக் கிடந்த சிமெண்ட் தரை மட்டும்தான். அவர் போய்க் கேட்டதும் கலியபெருமாள் மறுபேச்சுப் பேசவில்லை.

"தாராளமா ஆடுங்க வாத்தியாரே. நம்ம ஊர்ப் பசங்க ஜெயிச்சா எனக்குத்தானே பெருமை? எல்லாப் பசங்களும் வருவாங்கல்ல?"

"எல்லாரும் வருவாங்கய்யா."

"எல்லாரும் வரணும்" என்றார் கலியபெருமாள்.

வளையம் மாட்டிய பனைமரத்தைப் பெயர்த்து வந்து களத்தின் ஓரத்தில் நட்டார்கள். வீரையன் வரவில்லை. மற்றவர்கள் ஆட, அவன் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தான். வாத்தியார் சத்தம் போட்டதற்கு, "அப்பாவைக் கேக்கணும் சார்" என்று மட்டும் சொன்னான். அவர் நேரே தெற்குத்தெருவுக்கு சைக்கிளை விட்டார்.

பக்கிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். வாத்தியார் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"சத்தியம் பண்ணியிருக்கோம்ங்கய்யா."

"கதிரடிக்கவா கூப்பிடறேன் பக்கிரி? பந்து வெளையாடத்தானே? அதுக்கும் உங்க கூலிக்கும் என்ன சம்பந்தம்? உங்க புள்ள எதிர்காலம்ங்க இது. தஞ்சாவூர்ல ஒரு நாள் நல்லா ஆடிட்டான்னா நீங்க இந்த ஒரு படி நெல்லுக்கு யார்கிட்டயும் நிக்க வேண்டியதில்ல."

பக்கிரி மனைவியைப் பார்த்தார். எல்லையம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"தெருவுல கேட்டா என்னங்கய்யா சொல்றது?"

"நான் வந்து சொல்றேன். நாளைக்குச் சாயங்காலம் கோயில் வாசல்ல எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்றேன். அது என் பொறுப்பு."

"வாத்தியாரய்யா சொன்னா சரி" என்றார் பக்கிரி கடைசியில். அடுப்பங்கரையிலிருந்து எல்லையம்மாள், "சொல்லிட்டு அப்புறமா புள்ளைய அழைச்சிட்டுப் போங்களேன்" என்றாள். அதை வாத்தியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தஞ்சாவூருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் கோயில் வாசலுக்குப் போகவில்லை. போகக்கூடாது என்று இல்லை. வீரையனுக்கு அன்றைக்குத்தான் தரை பிடிபட ஆரம்பித்திருந்தது. பந்து அவன் சொன்ன இடத்தில் எழும்பி, சொன்ன இடத்தில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருட்டும் வரை ஆடவிட்டுவிட்டார். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தார். அந்த நாளைக்கு அடுத்த நாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் சாலையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். வெளியூர் முகங்கள். கலியபெருமாள் அவர்களோடு களத்தின் ஓரம் வரை வந்து கையை நீட்டி எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்க்க ஆள் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தார் வாத்தியார். அவருக்கு வாயெல்லாம் பல். வெளியூர்க்காரர்கள் முன்னால் பையனைக் காட்டாமல் இருப்பாரா?

"வீரையா! நடுவுல வந்து நில்லு. நின்னுட்டு இன்னொரு தடவை போடு, அவங்க பாக்கட்டும்!"

வீரையன் அந்த ஆட்களைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. "வேணாம் சார்" என்றான். அவர் விடவில்லை. "என்னடா வெக்கம், போடு" என்றார். அவன் களத்தின் நடுவுக்கு வந்து, துள்ளி எழும்பி, வளையத்தைத் தொடாமல் பந்தைப் போட்டான். வாத்தியார் கைதட்டினார். வந்தவர்களில் ஒரு கிழவர் தலையை ஆட்டினார். பந்தைப் பார்த்து இல்லை. "பக்கிரி மவன்தானா?" என்று கலியபெருமாளிடம் கேட்டது காற்றில் தெளிவாகக் கேட்டது. "அவனேதான், பாத்துக்கங்க" என்றார் கலியபெருமாள்.

விடிந்தபோது வயலில் அரிவாளோடு வெளியூர் ஆட்கள் நிரை பிடித்து நின்றார்கள். பக்கிரி மகனே களத்தில் இறங்கிவிட்டான், இனி நமக்கென்ன என்பதுதான் அவர்கள் பேச்சு. தெற்குத்தெரு வரப்பில் நின்று பார்த்தது. யாரும் கல் எறியவில்லை, அரிவாள் தூக்கவில்லை. சத்தியத்தை முறித்தது தங்கள் தெருவாக இருக்கும்போது யாரை என்ன கேட்பது? மேலத்தெரு ஆண்டை கலியபெருமாள் ஜெயித்துவிட்டார். ஒரு படி கூடுதல் போயிற்று. அறுப்புக் கூலியே போயிற்று. ஆறு மாதம் கஞ்சிக்கு வைத்துக்கொள்கிற நெல் அடுத்த ஊர்க்காரர்களின் சாக்கில் ஏறியது.

பஞ்சநாதனுக்கு விஷயம் பள்ளிக்கூடத்தில் வைத்துத் தெரிந்தது. அவர் பதறிக்கொண்டு ஓடினார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சாயங்காலம் வரை அவர் ஸ்டாஃப் ரூமை விட்டு வெளியே வரவில்லை. பிறகு போனார்.

பக்கிரி வாசலில் குந்தியிருந்தார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை.

"இப்பவே தெருவுல சொல்லிடறேன் பக்கிரி. தப்பு என் மேலன்னு சொல்லிடறேன்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க இப்ப?" பக்கிரியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வாத்தியாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க கெட்ட மனுசர் இல்லீங்க. கெட்டவரா இருந்திருந்தா நான் புள்ளைய அனுப்பியிருக்கவே மாட்டேன்."

அதோடு திரும்பியிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. "சனிக்கிழமை தஞ்சாவூர் மட்டும் அனுப்பிடுங்க" என்று அந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டார். தட்டிக்குப் பின்னாலிருந்து வீரையன், "நான் வரல சார்" என்றான். அவன் வெளியே வரவில்லை.

தஞ்சாவூரில் அவர்கள் கீழ்வேளூர் டீமிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஜெகபர் அலி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கடைசி வரை ஓடினான். மற்றவர்களுக்கு மனசே இல்லை. மன்னார்குடியில் பார்த்த தேர்வாளர் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க சார் அந்த உயரமான பையன்?"

"காய்ச்சல்" என்றார் பஞ்சநாதன்.

தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "சரி, போகட்டும். மன்னார்குடியில பாத்தது போதும். திங்கக்கிழமை திருச்சியில கேம்ப் ஆரம்பம். நேரா அழைச்சிட்டு வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பஞ்சநாதன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் சரிக்கட்ட ஒரு வழி கிடைத்துவிட்டதாகவே நினைத்தார். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டால் அப்பன் மன்னித்துவிடுவான், தெரு மறந்துவிடும். ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகாமல், மேட்சுப் பையைத் தோளில் போட்டபடியே தெற்குத்தெருவுக்கு நடந்தார்.

பக்கிரி வீட்டு வாசலில் கீற்றுத் தட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அடுப்பு வெளியே கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மண்ணும் நெல்லும் கலந்து கிடந்ததைப் பார்த்ததுமே தெரிந்தது, எலிவளையைத் தோண்டி எடுத்த நெல். தெருவில் பல வாசல்களில் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

"பக்கிரி இல்லீங்களாம்மா?"

"போயிட்டாங்க. நேத்திக்குக் காலையில."

"யாராவது போகச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. தெரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு இங்கயே எப்பிடி உக்காந்து திங்கறதுன்னு அவராத்தான் போனாரு. எல்லையம்மா வாசல்ல உழுந்து அழுதா. கேக்கல."

"எங்க போயிருக்காங்க? பேராவூரணிப் பக்கமா? தென்னந்தோப்பு வேலைக்கா?" அவர் அவசரப்பட்டார். "நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்மா. வீரையனை கேம்ப்புக்கு எடுத்துட்டாங்க. அவனுக்குச் சர்க்கார் வேலையே கெடச்சுடும். திங்கக்கிழமைக்குள்ள நான் அவனைப் பாத்தாகணும்."

தனபாக்கியம் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினாள் என்றுதான் தோன்றியது.

"எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் சார். தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

"அப்பச் சொல்லுங்கம்மா!"

"சொன்னா, நீங்க அங்கயும் வந்துடுவீங்க."

அவள் முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். அவர் தெருக்கோடி வரை ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர்கள்கூட அதை மட்டும் சொல்லவில்லை.